சதுரங்கப் பொறியின் வலிமையை அளந்த வரலாறு

நெல்லைக் கொத்தாலும் நிலத்தைப் பரப்பாலும் அளப்பது போல அறிவின் ஆற்றலை அளந்துவிட முடியாது. ஆற்றல் கண்ணுக்குப் புலப்படும் பொருளன்று. அதன் விளைவு மட்டுமே புலப்படும். மாணவனின் கல்வியை அறியப் பரீட்சை என்னும் கருவியைக் கையாளுகின்றோர், அக்கருவி அளப்பது கல்வியையா, அன்றி அன்றைய வினாத்தாளுக்கு அவன் விடையெழுதிய திறத்தையா என்னும் ஐயத்தினின்றும் எக்காலத்தும் நீங்கியவரல்லர். இவ்வையம் மிகத் தெளிவாகப் புலப்படும் களம் ஒன்று உளது. அதுவே கணினி ஆடும் சதுரங்கத்தின் வலிமையை மனிதர் வலிமையோடு ஒப்பிட்டு அளக்க முயன்ற வரலாறாகும்.

சதுரங்கத்தில் முடிவு மூன்றே. வெற்றி, தோல்வி, சமநிலை என்பன அவை. நடுவரின் விருப்பு வெறுப்புக்கோ அதிர்ஷ்டத்துக்கோ அங்கு இடமில்லை. ஆதலின் ஆற்றலை அளப்பதற்கு இதனினும் தூய்மையான களம் வேறில்லை என்று எவரும் எண்ணுவர். அத்தகைய களத்திலேயே எத்துணை மயக்கங்கள் நேர்ந்தன என்பதை நோக்குமிடத்து, ஏனைய துறைகளில் அளவீடு எவ்வளவு அரிது என்பது தானே விளங்கும்.

முதல் மயக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்தது. 1770ஆம் ஆண்டில் வொல்ப்காங் வொன் கெம்பெலன் என்பார் வியன்னாவிலே பேரரசி மரியா தெரேசாவின் முன்னிலையில் ஒரு பொறியைக் காட்டினார். துருக்கியரைப் போன்று உடையுடுத்திய உருவம் ஒன்று பெரிய பெட்டியின் பின்னே அமர்ந்து காய்களை நகர்த்திற்று. எதிர்த்து ஆடியோரிற் பலரை வென்றது. 1809ஆம் ஆண்டில் நெப்போலியனும் அதனோடு ஆடித் தோற்றான். உண்மையில் அப்பெட்டியினுள்ளே தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் மறைந்திருந்தார். அப்பொறி 1854ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் நேர்ந்த தீயில் அழிந்தது.

இப்பொறியை ஆராய்ந்தவருள் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் அலன் போ குறிப்பிடத்தக்கவர். 1836ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில், உள்ளே மனிதன் இருத்தல் வேண்டும் என்று முடிவுகட்டினார். முடிவு சரியே. ஆனால் அவர் கூறிய காரணங்களுள் ஒன்று பிழையானது. உண்மையான பொறியாயின் அது எப்பொழுதும் வெல்ல வேண்டும், இதுவோ இடைக்கிடை தோற்கின்றது, ஆகவே இது பொறியன்று என்பது அக்காரணம். பொறி என்றால் பிழையற்றது என்னும் இவ்வெண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. பொறிக்கும் ஒரு தரம் உண்டு, அத்தரம் உயரவும் தாழவும் கூடும் என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள இன்னுமொரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

மறைவில் மனிதன் இல்லாத முதற் பொறியைச் செய்தவர் ஸ்பானிய நாட்டுப் பொறியியலாளர் லியொனார்டோ தொரெஸ் கெவெடோ ஆவார். 1912ஆம் ஆண்டளவில் அவர் அமைத்த பொறி அரசனும் கோட்டையும் கொண்டு, தனித்து நின்ற எதிரி அரசனை முடக்கும் இறுதியாட்டம் ஒன்றை மட்டும் ஆடிற்று. அதனை ஒருபோதும் தவறாது வென்றது. இதன் வலிமை யாது? அவ்வொரு நிலையில் அஃது உலகிற் சிறந்த வீரருக்கு நிகர். ஏனைய நிலைகளில் அஃது ஒன்றுமறியாத மரப்பெட்டி. ஒரு பொறியின் ஆற்றலை ஒரே எண்ணாற் கூறலாமோ என்னும் வினா இங்கேயே தோன்றிவிட்டது.

கணினி தோன்றிய பின்னர் இவ்வினா புதிய உருக்கொண்டது. 1950ஆம் ஆண்டில் கிளோட் ஷனன் என்னும் அமெரிக்க அறிஞர் கணினியைச் சதுரங்கம் ஆடச் செய்யும் முறைபற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டார். நடைபெறக்கூடிய ஆட்டங்களின் தொகை 1 என்னும் எண்ணின் பின்னே 120 பூச்சியங்கள் இட்டாற் கிடைப்பதற்கு நிகரானது என அவர் கணக்கிட்டார். எனவே எல்லாவற்றையும் இறுதிவரை ஆராய்தல் எப்பொறிக்கும் இயலாது. சில நகர்வுகள் வரை முன்னோக்கி, அங்கே தோன்றும் நிலையைக் காய்களின் மதிப்பு முதலியவற்றாற் கணித்துத் தீர்மானித்தலே வழி. இவ்வாறு செய்வதற்கு அவர் இரு நெறிகளைக் காட்டினார். எல்லா நகர்வுகளையும் குறித்த ஆழம் வரை ஆராய்வது ஒன்று; பொருத்தமானவற்றை மட்டும் தெரிந்தெடுத்து ஆழ ஆராய்வது மற்றொன்று. மனிதர் ஆடுவது இரண்டாம் நெறியை ஒத்தது. பொறிகள் பெற்ற பெருவெற்றிகளோ பெரும்பாலும் முதல் நெறியைச் சார்ந்து எழுந்தன.

இங்கிலாந்தில் அலன் டியூரிங் ஒரு செய்நிரலை எழுதினார். அதனை இயக்கவல்ல கணினி அன்று அவருக்கு வாய்க்கவில்லை. ஆகவே 1952ஆம் ஆண்டில் அவரே கணினியாகித் தாளில் கணக்கிட்டு, நகர்வு ஒன்றுக்கு அரைமணி நேரம் அளவாகச் செலவிட்டு, அலிக் கிளெனி என்னும் நண்பரோடு ஆடினார். செய்நிரல் 29ஆம் நகர்விலே தோற்றது. 1956ஆம் ஆண்டில் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தார் மந்திரிக்காய்களை நீக்கி, ஆறுக்கு ஆறு கட்டங்கள் கொண்ட சிறு பலகையில் ஆடும் செய்நிரல் ஒன்றை அமைத்தனர். அஃது ஒரு வாரத்துக்கு முன்னரே விதிகளைக் கற்றுக்கொண்ட ஒருவரை வென்றது. பொறி மனிதரை வென்றது என்பது உண்மையே. ஆயினும் எந்த மனிதரை, எந்தப் பலகையில் என்பவற்றைக் கூறாதுவிடின் அவ்வுண்மை பொய்யினும் கேடு விளைப்பதாகும்.

அளவுகோல் இல்லாதவிடத்து ஆரூடம் மிகும். 1957ஆம் ஆண்டில் ஹேர்பேட் சைமன் என்னும் பேரறிஞர், பத்து ஆண்டுகளுள் கணினியே சதுரங்க உலக வீரனாகும் என்று கூறினார். மறுபுறத்தில் ஹியூபேட் டிரைபஸ் என்னும் தத்துவப் பேராசிரியர் 1965ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையிலே, சதுரங்கச் செய்நிரல்களின் எளிமையைச் சுட்டி, கணினியறிவுபற்றிய பெருமிதங்களைக் கடிந்தார். 1967ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துச் செய்நிரலோடு அவரை ஆடச் செய்தனர்; அவர் தோற்றார். எதிரணியினர் ஆரவாரித்தனர். ஆனால் அத்தோல்வி நிறுவியது யாது? டிரைபஸ் சதுரங்கத்தில் வல்லவரல்லர் என்பதை மட்டுமே. அவருடைய தத்துவக் கொள்கை அதனால் நிலைபெறவுமில்லை, வீழவுமில்லை.

இவ்வாறு ஒருவர் தோல்வியை எல்லா மனிதரின் தோல்வியாகக் கொள்ளும் பிழையை நீக்குதற்கு ஒரு பொதுவளவை வேண்டியிருந்தது. அதனை அளித்தவர் ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவில் பௌதிகம் கற்பித்த பேராசிரியர் அர்பாட் எலோ. அவர் வகுத்த தரப்புள்ளி முறையை அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960ஆம் ஆண்டிலும், உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டன.

அம்முறையின் கருத்து எளியது. இருவருடைய புள்ளிகள் சமமாயின் ஒவ்வொருவரும் பாதி வெற்றியை எதிர்பார்க்கலாம். ஒருவர் மற்றவரிலும் 200 புள்ளிகள் உயர்ந்தவராயின், நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 ஆட்டங்களின் பயனை அவர் பெறுவார். 400 புள்ளிகள் உயர்ந்தவராயின் 90க்கு மேற் பெறுவார். எதிர்பார்த்ததிலும் நன்றாக ஆடினவர்க்குப் புள்ளி ஏறும், குறைந்தவர்க்கு இறங்கும்.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று. இம்முறையில் தனியோர் எண்ணுக்குப் பொருளில்லை. இரு எண்களின் வேறுபாட்டுக்கே பொருளுண்டு. எல்லார் புள்ளிகளோடும் ஆயிரத்தைக் கூட்டினாலும் ஒன்றும் மாறாது. கடலாற் பிரிக்கப்பட்ட இரண்டு தீவுகளில், ஒவ்வொன்றிலும் வாழ்வோர் தத்தம் கரையிலிருந்து மலையின் உயரத்தை அளப்பதாகக் கொள்வோம். இரு கரைகளின் மட்டமும் ஒன்றென்று அறியாதவரை, எத்தீவின் மலை உயர்ந்தது என்று கூறல் இயலாது. அதுபோன்றே, தம்முள் ஆடாத இரு கூட்டத்தாரின் தரப்புள்ளிகளை ஒப்பிடல் இயலாது. மனிதரையும் பொறிகளையும் ஒப்பிடும் முயற்சி முழுவதும் இவ்விரு தீவுகளுக்கிடையே பாலமிடும் முயற்சியாகவே அமைந்தது.

முதற் பாலத்தை இட்டது மேலே கூறிய மசச்சூசெற்ஸ் செய்நிரலே. ரிச்சட் கிறீன்பிளாற் முதலானோர் எழுதிய மக் ஹக் என்னும் அச்செய்நிரல் 1967ஆம் ஆண்டு ஜனவரியில் மனிதர் ஆடும் போட்டியொன்றிலே கலந்துகொண்டது. ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்று ஒன்றைச் சமன் செய்தது. 1243 என்னும் தற்காலிகத் தரத்தைப் பெற்றது. அதே ஆண்டின் வசந்தத்தில் 1510 புள்ளி பெற்றிருந்த ஒருவரை வென்றது. உலக வீரர் தரத்துக்கும் இதற்கும் இடையே ஆயிரம் புள்ளிகளுக்கு மேற்பட்ட தூரம் இருந்தது. சைமன் குறித்த பத்தாண்டு எல்லை அவ்வாண்டோடு முடிந்தது. ஆரூடத்தின் பிழை எவ்வளவு என்பதை எண்ணாற் சொல்ல முடிந்தமையே புதிய அளவையின் பயனாகும்.

ஸ்கொட்லாந்து நாட்டு வீரர் டேவிட் லெவி 1968ஆம் ஆண்டில் ஒரு பந்தயம் கட்டினார். பத்து ஆண்டுகளுள் எக்கணினியும் தம்மைப் போட்டியொன்றில் வெல்லாது என்பது அவர் கூற்று. கணினியறிவுத் துறையின் முன்னோடிகளான ஜோன் மக்கார்த்தியும் டொனல்ட் மிச்சியும் அதனை ஏற்றனர். பின்னர் வேறு சிலரும் சேர, பந்தயத் தொகை 1250 பவுணாயிற்று. 1978ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரில் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தின் செஸ் 4.7 என்னும் செய்நிரலோடு லெவி ஆடி, 3½–1½ என வென்றார். தோற்ற ஓராட்டமும் சர்வதேச மாஸ்டர் ஒருவர் போட்டி நிபந்தனைகளின் கீழ்ப் பொறிக்குத் தோற்றதென்ற வகையில் வரலாற்றில் இடம்பெற்றது.

இப்பந்தயம் வேறொரு பாடத்தையும் தந்தது. பொறியை வெல்வதற்கென்றே லெவி ஓர் ஆட்டமுறையைக் கையாண்டார். காய்கள் மோதிக்கொள்ளும் கூர்மையான நிலைகளை விலக்கி, அமைதியான நிலைகளை ஆக்கி, பொறி குறிக்கோளின்றி அலைந்து தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும்வரை காத்திருப்பது அம்முறை. 1984ஆம் ஆண்டில் கிறே பிளிற்ஸ் என்னும் செய்நிரலை அவர் இம்முறையால் 4–0 என வென்றார். அஃது அதற்கு முந்திய ஆண்டிலே கணினிகளுக்கான உலகப் பட்டத்தை வென்ற செய்நிரல். பொறியை அறியாத வல்லாளர் பலர் அதற்குத் தோற்றிருப்பர். பொறியை அறிந்த லெவி எளிதில் வென்றார். ஆகவே பொறியின் தரம் பொறியிடத்து மட்டும் உள்ளதன்று. எதிரி அதனை எவ்வளவு அறிந்துள்ளான் என்பதனையும் பொறுத்தது. மனிதர் ஒவ்வோராட்டத்திலும் கற்பர். அக்காலத்துப் பொறியோ கற்பதில்லை. இருதிறத்தாரின் தரமும் நிலையானதென்று கொள்ளும் எலோவின் முறைக்கு இது பெரும் இடர்.

எனினும் அமைதியான ஆட்டமுறை என்றும் கைகொடுக்கவில்லை. 1989ஆம் ஆண்டில் டீப் தோட் என்னும் பொறியோடு ஆடிய லெவி 0–4 எனத் தோற்றார். ஐந்தாண்டுகளில் நிகழ்ந்த இம்மாறுதலுக்குக் காரணம் யாது? பொறியின் வேகம் பெருகியதே முதன்மையான காரணம். வேகம் வலிமையாக மாறும் விகிதத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சன் ஏலவே ஆராய்ந்திருந்தார். அவரும் ஜோ கொண்டனும் அமைத்த பெல் என்னும் பொறி 1983ஆம் ஆண்டில் அமெரிக்கச் சம்மேளனத்தின் மாஸ்டர் தரத்தை எய்திய முதற் பொறியாகும். தொம்சன் அப்பொறியை அதனோடேயே ஆடவிட்டார்; ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒரு நகர்வு மேலதிகமாக முன்னோக்க இடமளித்தார். ஒவ்வொரு மேலதிக நகர்வும் ஏறத்தாழ 200 புள்ளி உயர்வைத் தந்தது. இதைக் கண்டோர், வேகத்தைப் பெருக்கினாற் போதும், உலக வீரரை எட்டும் நாளைக் கணக்கிட்டே கூறிவிடலாம் என எண்ணினர்.

ஆனால் இவ்வளவீட்டிலும் ஒரு மயக்கம் உளது. ஒரே அறிவுள்ள இரு பொறிகள் ஆடும்போது, குறைவாக நோக்குவது காண்பன அனைத்தையும் மிகுதியாக நோக்குவது காணும். அதற்கு மேலும் காணும். எனவே சிறு வேறுபாடும் மீண்டும் மீண்டும் தண்டனையாக வெளிப்படும். மனிதனுடைய பிழைகளோ வேறிடத்தில் நிகழ்வன. பொறியின் குருட்டிடங்களும் மனிதனின் குருட்டிடங்களும் ஒன்றல்ல. ஆகவே பொறிகள் தம்முள் ஆடிப் பெற்ற புள்ளி வேறுபாடு, மனிதரோடு ஆடும்போது சுருங்கிவிடும். சுவீடன் நாட்டுக் கணினிச் சதுரங்கச் சங்கத்தார் நெடுங்காலம் பொறிகளைப் பொறிகளோடு ஆடவிட்டுத் தரவரிசை வெளியிட்டனர். அவ்வரிசையின் அடிமட்டத்தை நிறுவுதற்கு அந்நாட்டு மனித வீரரோடு பொறிகள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டனர். பின்னர் 2000ஆம் ஆண்டில் வரிசை முழுவதையும் 100 புள்ளி தாழ்த்தினர். அளவுகோல் தவறியதை உணர்ந்து அதனைத் திருத்திய இச்செயல், அத்துறையில் நேர்மைக்கு ஒரு சான்றாகும்.

நேரமும் அளவீட்டை மாற்றவல்லது. 1994ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த விரைவாட்டப் போட்டியொன்றில், உலக வீரர் கரி கஸ்பரோவை செஸ் ஜீனியஸ் என்னும் செய்நிரல் வென்று போட்டியினின்றும் நீக்கியது. அதனாற் கஸ்பரோவின் ஆற்றல் குன்றிற்று என்று ஒருவரும் கருதவில்லை. 1998ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், ரெபெல் என்னும் செய்நிரலோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார். ஐந்து நிமிட ஆட்டங்கள் நான்கிலும் ரெபெல் 3–1 என மேம்பட்டது. பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டில் 1½–½ என மேம்பட்டது. நெடுநேர ஆட்டங்கள் இரண்டிலோ ஆனந்த் 1½–½ என வென்றார். மொத்தத்தில் 5–3 எனப் பொறி வென்றது. இம்மூன்று முடிவுகளையும் ஒன்றாகக் கூட்டி, பொறி ஆனந்தினும் வலியது என்று கூறுவோர் கூறலாம். ஆயினும் கூட்டியவுடன் மறைந்து போவதே இங்கு அறியற்பாலது. நேரம் குறையக் குறையப் பொறியின் கை ஓங்கும்; நேரம் நீள நீள மனிதனின் சிந்தனை தன் பயனைத் தரும் என்பதே அவ்வுண்மை.

இவற்றையெல்லாம் மனத்திற் கொண்டே 1997ஆம் ஆண்டின் புகழ்பெற்ற போட்டியை மதிப்பிடல் வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ என்னும் பொறி 1996ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கஸ்பரோவோடு ஆடி முதலாட்டத்தை வென்றபோதும், ஈற்றில் 4–2 எனத் தோற்றது. மறு ஆண்டு மே மாதத்தில், ஒரு விநாடியில் ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராயும் வேகத்தோடு நியூயோர்க் நகரில் மீண்டும் ஆடியது. முதலாட்டத்தைக் கஸ்பரோவ் வென்றார். இரண்டாவதைப் பொறி வென்றது. அடுத்த மூன்றும் சமநிலையாயின. ஆறாவதில் கஸ்பரோவ் பத்தொன்பது நகர்வுகளுள் வீழ்ந்தார். 3½–2½ எனப் பொறி வென்றது. நடப்பு உலக வீரர் ஒருவர் நெடுநேர ஆட்டப் போட்டியிற் பொறிக்குத் தோற்றது அதுவே முதன்முறை.

இவ்வெற்றி மெய், ஆயின் அது தரும் அளவு சிறிது. ஆறு ஆட்டங்களில் 3½ என்பது நூற்றுக்கு 58 வீதம். எலோவின் வாய்பாட்டின்படி அஃது ஏறத்தாழ 60 புள்ளி வேறுபாட்டையே குறிக்கும். கடைசி ஆட்டம் சமநிலையாகியிருப்பின் போட்டி 3–3 என முடிந்திருக்கும். அறுபது புள்ளியும் பூச்சியமாகியிருக்கும். ஒரே ஆட்டத்தால் தலைகீழாகும் அளவை உறுதியான அளவையாகாது. அன்றியும் நிபந்தனைகள் இருவருக்கும் ஒத்தனவாக இருக்கவில்லை. கஸ்பரோவின் வாழ்நாள் ஆட்டங்கள் அனைத்தும் எதிரணியினர் கையில் இருந்தன. பொறியின் அண்மைக்கால ஆட்டங்கள் கஸ்பரோவுக்குக் கிடைக்கவில்லை. ஆட்டங்களுக்கிடையே பொறியைத் திருத்தவும் இடமிருந்தது. கஸ்பரோவ் மறுபோட்டி வேண்டினார். நிறுவனம் இணங்காது பொறியைக் கலைத்துவிட்டது. எனவே டீப் புளூவின் வலிமை யாது என்னும் வினாவுக்கு ஆறு ஆட்டங்களே சாட்சியாக எஞ்சின. உலகம் அதனை மனித அறிவின் வீழ்ச்சியென்றது. அளவையியலார் அதனைத் தொடங்கி முடியாத ஒரு பரிசோதனை என்றே கொள்வர்.

பரிசோதனை பின்வந்த பத்தாண்டுகளிலே தொடர்ந்தது. 2002ஆம் ஆண்டில் பஹ்ரெயினில் விளாடிமிர் கிராம்னிக், டீப் பிறிட்ஸ் என்னும் செய்நிரலோடு 4–4 எனச் சமனாடினார். அச்செய்நிரல் அவர் பயில்வதற்கென முன்னரே அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. 2003ஆம் ஆண்டில் கஸ்பரோவ், டீப் ஜூனியர் என்னும் செய்நிரலோடு 3–3 எனவும், பின்னர் பிறிட்ஸோடு 2–2 எனவும் சமனாடினார். 1997இல் முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட கேள்வி முடியவில்லை என்பதற்கு இம்மூன்று சமநிலைகளும் சான்று. ஆனால் 2005ஆம் ஆண்டில் ஹைட்ரா என்னும் பொறி, உலகின் முன்னணி வீரருள் ஒருவரான மைக்கல் அடம்ஸை 5½–½ என வென்றது. 2006ஆம் ஆண்டில் பொன் நகரில் கிராம்னிக் 2–4 எனத் தோற்றார். ஓராட்டத்தில் ஒரே நகர்வில் வரவிருந்த முடிவையே அவர் காணத் தவறினார். அதனைத் தற்செயலான பிழையென்று விலக்கலாகாது. களைப்பும் கவனச் சிதறலும் மனித ஆற்றலின் பகுதிகள். அவை இல்லாமை பொறியாற்றலின் பகுதி. தராசில் இரண்டும் நிறுக்கப்படுதல் வேண்டும்.

அதன்பின் சமமான போட்டிகள் அருகின. 2007ஆம் ஆண்டில் றிப்கா என்னும் செய்நிரல் ஒரு காலாளை விட்டுக்கொடுத்து ஆடியும் கிராண்ட் மாஸ்டர் யான் எல்வெஸ்ற்றை 5½–2½ என வென்றது. 2016ஆம் ஆண்டில் கொமொடோ என்னும் செய்நிரல் வெவ்வேறு சலுகைகள் அளித்து ஹிக்காரு நக்காமுராவை 2½–1½ என வென்றது. சலுகை கொடுத்து ஆடுதல் பழைய மரபே; ஆயின் இங்கே சலுகை தருவது பொறி, பெறுவது மனிதன். இம்முறையால் இரு தீவுகளுக்கும் இடையே ஒடுங்கிய பாலமொன்று இன்னும் கிடக்கின்றது எனலாம்.

ஏனைய பாலங்கள் அற்றுப்போயின. மனிதர் எய்திய தரப்புள்ளிகளுள் மிக உயர்ந்தது 2014ஆம் ஆண்டில் மக்னஸ் கார்ல்சன் பெற்ற 2882 ஆகும். கணினிகளின் தரவரிசைகளிலோ முதன்மையான செய்நிரல்கள் 3500க்கு மேற்பட்ட புள்ளிகளோடு நிற்கின்றன. இவ்விரு எண்களையும் கழித்து, பொறி மனிதனிலும் அறுநூறு புள்ளி வலியது என்று எழுதுவோர் பலர். பொறி மிக வலியது என்பதில் ஐயமில்லை. அறுநூறு என்னும் எண்ணுக்கே ஆதாரமில்லை. இரண்டும் வேறு வேறு கரைகளிலிருந்து அளந்தவை.

பொறிகளைத் தம்முள் ஒப்பிடும்போதும் நிபந்தனைகளே முடிவை ஆளுகின்றன. 2017ஆம் ஆண்டு டிசெம்பரில், தன்னோடு தானே ஆடிக் கற்ற அல்பாசீரோ என்னும் செய்நிரல் ஸ்ரொக்பிஷ் என்னும் செய்நிரலோடு 100 ஆட்டங்கள் ஆடி, 28இல் வென்று 72ஐச் சமன் செய்து, ஒன்றிலேனும் தோற்காது நின்றது. நகர்வுக்கு ஒரு நிமிடம் என நேரத்தை வரையறுத்தமை முதலியன எதிரிக்குப் பாதகமாயின என்று பலர் குறைகூறினர். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான அறிக்கையில், மாற்றிய நிபந்தனைகளோடு ஆடிய 1000 ஆட்டங்களில் அல்பாசீரோ 155இல் வென்று 6இல் தோற்றது. முதற் பரிசோதனையின் குறையை எடுத்துக்காட்டியோரும் பயன் செய்தனர். அதனை ஏற்று மீண்டும் அளந்தோரும் பயன் செய்தனர். அறிவியல் வளர்வது இவ்வாறே.

ஈற்றில் அளவுகோலே கைமாறியது. 2006ஆம் ஆண்டில் மத்தேய் குயிட், இவான் பிராற்கோ என்னும் சுலோவேனிய அறிஞர் இருவர், முன்னாள் உலக வீரர்களின் ஆட்டங்களைச் செய்நிரல் ஒன்றைக் கொண்டு பரிசோதித்து, அவர்தம் நகர்வுகள் எத்துணை பிழையற்றன என அளந்தனர். கபபிளாங்கா முன்னிலையில் நின்றார். மனிதர் பரீட்சகராயிருந்து பொறிக்குப் புள்ளியிட்ட காலம் மாறி, பொறி பரீட்சகராயிருந்து மனிதருக்குப் புள்ளியிடும் காலம் வந்தது. இங்கும் எச்சரிக்கை வேண்டும். பொறி நல்லதென மதிக்கும் நகர்வு, குறித்த எதிரியைக் குறித்த நேரத்தில் கலங்கச் செய்யும் நகர்வாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. ஒருவகை ஆட்டத்துக்கு இயல்பாகவே அவ்வளவுகோல் மிகுந்த புள்ளி இடுதலும் கூடும்.

பொறியை அளவுகோலாக்கியமைக்கு மற்றொரு பயனும் உண்டு; அது வருந்தத்தக்க தேவையால் எழுந்தது. போட்டி நடக்கும்போதே மறைவாகப் பொறியின் உதவி பெறுவோர் தோன்றினர். 2019ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரிலே கிராண்ட் மாஸ்டர் ஒருவர் போட்டியின் இடையே கழிப்பறையிற் கைத்தொலைபேசியோடு அகப்பட்டார். இத்தகைய வஞ்சனையைக் கண்டுபிடித்தற்கு, ஒருவருடைய நகர்வுகள் பொறியின் நகர்வுகளோடு அவர் தரத்துக்கு மிஞ்சி ஒத்துள்ளனவா என்று கணிக்கும் முறையை அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் ரீகன் வகுத்தார். வியன்னாவில் பொறியினுள்ளே மனிதன் மறைந்திருந்தான். இன்று மனிதனிடத்தே பொறி மறைந்திருக்கின்றது. அன்று, இத்துணை நன்றாக ஆடுவது பொறியாக இருக்க முடியுமா என்று ஐயுற்றனர். இன்று, இத்துணை நன்றாக ஆடுபவன் தானே ஆடுகின்றானா என்று ஐயுறுகின்றனர். நேர்மையான ஆட்டக்காரன் ஒருவன் தன் வாழ்நாளில் ஆடிய மிகச்சிறந்த ஆட்டமே அவன்மேற் சந்தேகத்தை விளைக்கக் கூடும். அளவீடு பிழைத்தால் இங்கே கெடுவது ஒரு போட்டி மட்டுமன்று. ஒருவனுடைய நற்பெயரும் கெடும்.

ஆகவே இவ்வரலாறு கற்பிப்பது சதுரங்கத்தோடு நின்றுவிடுவதன்று. ஆற்றலைக் குறிக்கும் எண், ஒரு பொருளினுள்ளே கிடக்கும் குணமன்று. இருவர்க்கிடையே, குறித்த நிபந்தனைகளின் கீழ்த் தோன்றும் உறவு. யாரோடு, எத்தனை முறை, எவ்வளவு நேரத்தில், ஒருவரையொருவர் எவ்வளவு அறிந்தநிலையில் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கூறாத எண் வெறும் எண்ணேயாகும். ஆறு ஆட்டங்களால் உலக வீரரின் தரத்தை முற்றாக அறிய இயலாதெனின், மூன்றுமணி நேர வினாத்தாள் ஒன்றால் மாணவனின் கல்வி முழுவதையும் அறிந்துவிட்டதாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்? அளத்தலைக் கைவிடுதல் இதற்கு மருந்தன்று. எலோவின் முறை தோன்றுமுன் நிலவிய ஆரூடங்களும் ஆரவாரங்களும் அளவீடின்மையின் கேட்டை நன்கு உணர்த்துவன. அளவுகோலின் எல்லையை அளப்பவன் அறிந்திருத்தலும், பிழை கண்டவிடத்துச் சுவீடன் நாட்டுச் சங்கத்தாரைப் போலக் கூசாது திருத்திக்கொள்ளுதலுமே வேண்டப்படுவன. புள்ளியிடுவோர்க்கும் புள்ளி பெறுவோர்க்கும் அஃது ஒருங்கே நன்மை பயக்கும்.